புலிகேசி புறமுதுகிட்ட மணிமங்கலம்... நம்ம ஊர் ராஜாக்கள் கவசம் போட்டார்களா?

உங்கள் வாட்ஸ்அப்பிலும் அந்தப் படம் வந்திருக்கும். ராஜராஜ சோழன், ஏ.ஐ. கைவண்ணத்தில். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தகதகவென்று தகடு, தோளில் சிங்க முகம், முதுகில் சிவப்புப் போர்வை. கையில் இருக்கும் வாளைப் பார்த்தால் ஏதோ ஐரோப்பியக் கோட்டையில் இருந்து கடன் வாங்கியது போல இருக்கும். கீழே, 'தமிழன்டா' என்று ஒரு வரி, நான்கு தீ இமோஜி.

சித்திரை வெயிலில் தாம்பரம் மேற்குப் பேருந்து நிலையத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் படத்தில் என்ன தப்பு என்று.

சரித்திரக் கற்பனைக் கதைகளுக்கு இப்போது மறுபடியும் மவுசு. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாக வந்த பிறகு, கல்கியைக் கையால் தொடாத தம்பி தங்கைகள்கூட வந்தியத்தேவன் ரசிகர்களாகிவிட்டார்கள். பிரதிலிபி மாதிரியான செயலிகளில் சோழ இளவரசனும் மந்திர வாளும் மோதும் தொடர்கதைகள் குவிகின்றன. எழுதுகிறவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். கதை ஓடுகிறது, காதல் ஓடுகிறது. போர்க்களம் வந்ததும் மட்டும் எல்லோரும் ஒரே ஆங்கிலத் தொடரின் செட்டுக்குள் போய்விடுகிறார்கள். கோட்டை, அகழி, தகட்டுக் கவசம், குதிரை வீரனின் முகமூடி.

நிஜப் போர்க்களம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பீர்க்கன்கரணையில் இருந்து தாம்பரம் வந்து, முடிச்சூர் சாலையில் வண்டியை விட்டால் சுமார் அரை மணி நேரம். ஊர் பெயர் மணிமங்கலம்.

முதுகில் எழுதிய வெற்றி

ஏழாம் நூற்றாண்டு. வடக்கே வாதாபியில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி. காஞ்சியில் பல்லவர்கள். புலிகேசியின் புகழ் பாடும் ஐஹொளே கல்வெட்டு கி.பி. 634-ஐ ஒட்டியது. பல்லவ மன்னன் காஞ்சிக் கோட்டை மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று அது கிண்டலடிக்கிறது. பல்லவர் தரப்புச் செப்பேடோ, அதே மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை நொறுக்கினான் என்கிறது. இரண்டு பக்கமும் 'நாங்கள்தான் ஜெயித்தோம்'. அந்தக் காலத்து ஐ.டி. விங் என்று நினைத்துக்கொள்ளுங்கள். (இந்தப் புள்ளலூரில்தான் 1780-ல் ஹைதர் அலி, திப்பு படைகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ராக்கெட் வீசித் தோற்கடித்தன. அது தனிக் கதை.)

மகேந்திரனுக்குப் பின் மகன் நரசிம்மவர்மன், நம் மாமல்லன். புலிகேசியும் அவனும் மோதிய இடங்களாகப் பல்லவச் செப்பேடுகள் மூன்று பெயர்களைத் தருகின்றன: பரியலம், மணிமங்கலம், சூரமாரம். மற்ற இரண்டும் எவை என்பதில் வாதம் உண்டு. மணிமங்கலம் இன்றும் அதே பெயரோடு நம் பக்கத்து ஊராக இருக்கிறது. காஞ்சிக்குக் கிழக்கே இருக்கும் ஊர் அது. வடமேற்கிலிருந்து வந்த படையோடு அங்கே போர் நடந்தது என்றால், சாளுக்கியர்கள் தலைநகரையும் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? நெருக்கடி எவ்வளவு பெரியது என்று இதிலேயே புரியும்.

காஞ்சிபுரம் அருகே உள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு, நரசிம்மவர்மனின் பேரன் பரமேஸ்வரவர்மன் காலத்தது. இந்தப் போரை ஒரே ஒரு உவமையில் முடித்துவிடுகிறது அது. ஓடுகிற புலிகேசியின் முதுகே செப்பேடாக, அதில் 'விஜயம்' என்ற சொல்லை நரசிம்மன் எழுதினானாம்.

எழுதப்பட்ட மொழி சமஸ்கிருதம். ஆனால் குத்தல் சுத்தமான தமிழ்க் குத்தல். மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் அவமானம் என்று வாழ்ந்த ஊர் இது. முதுகில் காயப்பட்டுச் செத்தான் என்ற வதந்தியைக் கேட்டு, மகனின் உடலைத் தேடிப் போர்க்களம் போன தாய் புறநானூற்றில் இருக்கிறாள். அப்படிப்பட்ட ஊரில் எதிரியைக் கொன்றேன் என்பதைவிட, எதிரியின் முதுகைப் பார்த்தேன் என்பதுதான் பெரிய பெருமை.

அதற்குப் பின் பல்லவப் படை வாதாபி வரை துரத்திப்போய் அதைப் பிடித்தது, கி.பி. 642-ஐ ஒட்டி. வாதாபியிலேயே பாறையில் நரசிம்மவர்மன் கல்வெட்டு இருக்கிறது. பரஞ்சோதி என்ற தளபதி அங்கிருந்து யானை, குதிரை, செல்வமெல்லாம் கொண்டுவந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவர்தான் பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார்.

கல்கி இதைத்தான் 'சிவகாமியின் சபதம்' ஆக்கினார். ஒரு சின்ன மாற்றத்துடன். நாவலில் மணிமங்கலம் போர் மகேந்திரவர்மர் காலத்திலேயே நடக்கிறது, அதில் அவர் காயம்படுகிறார். செப்பேடுகள் அந்தக் களத்தை மகனுக்குத் தருகின்றன. கதைக்காகக் காலத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளும் உரிமை நாவலாசிரியருக்கு உண்டு. மந்திர வாள் எழுதும் தம்பிகளுக்கும் உண்டு. ஆனால் வெயிலை மாற்ற முடியாதே!

சரி, என்னதான் உடுத்தினார்கள்?

கவசமே கிடையாது என்று சொன்னால் அதுவும் தப்பு. பதிற்றுப்பத்தில் 'மெய்ம்மறை' என்ற சொல் வருகிறது. உடம்பை மறைப்பது, அதாவது கவசம். தன் வீரர்களுக்கு மன்னனே கவசம் போன்றவன் என்று புகழ அதைப் பயன்படுத்துகிறார்கள். பொருள் புழக்கத்தில் இல்லாமல் உவமை வராது. ஆனால் யார் போட்டார்கள் என்பதுதான் கேள்வி.

செங்கம், தருமபுரி பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். பல்லவர் காலத்தில் மாடு மீட்கும் சண்டையிலும் ஊர்ச் சண்டையிலும் செத்த சாதாரண வீரர்களுக்கு ஊர்க்காரர்கள் நட்ட கற்கள். ஒரு கையில் வில் அல்லது வாள், இன்னொரு கையில் சின்னக் கேடயம், இடுப்பில் இறுக்கிக் கட்டிய துணி. மார்பு திறந்தே இருக்கும். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரில் பல்லவ வம்சத்தின் கதையே சிற்பமாக ஓடுகிறது. பட்டாபிஷேகம், தூது, யானை, குதிரை, போர் எல்லாம் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. சரித்திரத் தொடர் எழுதும் யாரும் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார வேண்டும். அங்கும் உடம்பு முழுக்க இரும்பு மாட்டிய வீரனைத் தேடினால் ஏமாற்றம்தான்.

இவர்களுக்கு உண்மையான கவசம் கையில் இருந்த கேடயம். அதற்கே எத்தனை பெயர்! கிடுகு, பரிசை, தோல். ஆமாம், தோல் என்பதே கேடயத்துக்குப் பெயர், ஏனென்றால் அது தோலால் ஆனது.

கொஞ்சம் பின்னால் வந்தால் விவரம் இன்னும் தெளிவாகக் கிடைக்கிறது. 1520-ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் டோமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயரின் படை அணிவகுப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். வீரர்கள் போட்டிருந்தது மெத்தை மாதிரி தைத்த மேலங்கிகள். சிலவற்றில் அடுக்கடுக்காகப் பதப்படுத்தாத தோல், சிலவற்றில் உள்ளே இரும்புத் தகடுகள். மேலே பட்டு, வெல்வெட்.

நம் ஊர்ப் பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பல அடுக்குத் துணியும் பஞ்சும் சேர்த்து நெருக்கித் தைத்தால், கத்தி வெட்டு வழுக்கும், தூரத்து அம்பின் வேகம் செத்துப்போகும். எடை குறைவு. கிழிந்தால் அன்று இரவே தைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்தால் மட்டும் கஷ்டம், வீட்டில் மெத்தையை நனைத்தவர்களுக்குத் தெரியும்.

ஐரோப்பிய வீரர்களின் முழுத் தகட்டுக் கவசம் 14, 15-ஆம் நூற்றாண்டு சமாசாரம். எடை சுமார் 20 முதல் 25 கிலோ. மாமல்லன் காலத்தில் ஐரோப்பாவிலேயே அது கிடையாது. அங்கே அப்போது வசதியானவர்கள் போட்டது இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசம்தான். ஆக, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவனுக்குத் தகடு மாட்டுவது எழுநூறு எண்ணூறு வருஷம் தள்ளிப்போய்க் கடன் வாங்குவது.

இரும்பு இல்லாததால் கவசம் இல்லை என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் உருக்கு காய்ச்சிய மூசைகள் கிடைத்திருக்கின்றன. மேல்சிறுவலூரில் உருக்கு உற்பத்தித் தடயங்களை ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் கண்டறிந்தார். உலகம் வியந்த டமாஸ்கஸ் வாள்களுக்கு இந்த மாதிரியான தென்னிந்திய உருக்குதான் மூலப்பொருள். 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ச்சி செய்தார். உலகத்துக்கே வாள் இரும்பு கொடுத்தவர்கள், தங்கள் உடம்பில் அதைச் சுமக்க விரும்பவில்லை. (இரும்புலியூரையும் தாம்பரத்தையும் அடுத்தடுத்த ஊராக வைத்துக்கொண்டு இதை எழுதும்போது, இரும்பும் தாமிரமும் காதில் ஒலிப்பதைத் தவிர்க்க முடியவில்லை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என் வேலை இல்லை, விட்டுவிடுகிறேன்.)

யானைக்கு மது, அரசனுக்கு இளநீர்

கவசத்தை விட்டுவிட்டு யானைக்கு வருவோம். நம் ஊர்ப் போரின் ஹீரோவும் அதுதான், வில்லனும் அதுதான்.

புலிகேசியின் நாட்டுக்கு வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங் சொல்வதைக் கேளுங்கள். அந்த அரசனிடம் நூற்றுக்கணக்கான முரட்டு வீரர்கள் உண்டு. போருக்கு முன் அவர்கள் மது குடிப்பார்கள். யானைகளுக்கும் மது ஊட்டுவார்கள். அப்புறம் மொத்தமாக அவிழ்த்துவிடுவார்கள், எதிரே யாரும் நிற்க முடியாது. தோற்றுவந்த தளபதிக்குத் தண்டனை கிடையாது, பெண்கள் உடையைக் கொடுப்பார்களாம், அவமானத்தில் அவனே செத்துப்போகட்டும் என்று. போதை ஏறிய யானைக் கூட்டம் மணிமங்கலத்து வயல்களில் இறங்குவதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எந்தக் கற்பனைத் தொடரின் டிராகனும் பக்கத்தில் வர முடியாது.

எதிர்ப்பக்கம் நரசிம்மவர்மனோடு இலங்கை இளவரசன் மானவர்மன் இருந்தான். ஆட்சியை இழந்து அடைக்கலம் தேடி வந்தவன். வல்லப அரசனோடு, அதாவது சாளுக்கியனோடு போருக்குப் புறப்படும்போது நரசிம்மன் இவனை ஊரிலேயே விட்டுச் செல்கிறான். நண்பனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் உயிரோடிருந்து என்ன என்று இவன் பின்னாலேயே கிளம்பிப் போகிறான். இதையெல்லாம் சொல்வது இலங்கையின் சூளவம்சம். அவர்கள் நட்பைக் காட்ட அது ஓர் இளநீர்க் கதையும் சொல்கிறது. யானை மேல் போகும்போது தாகம் எடுத்து அரசன் குடித்த இளநீரின் மீதியை மானவர்மன் தயங்காமல் வாங்கிக் குடித்தானாம். தகட்டுக் கவசத்துக்கு இல்லாத இடம் இந்தக் களத்தில் இளநீருக்கு இருந்திருக்கிறது, பாருங்கள். பிறகு பல்லவக் கடற்படை உதவியோடு மானவர்மன் இலங்கை அரியணையைப் பிடித்தான்.

யானைகளுக்குப் பெயரும் உண்டு. கூரம் செப்பேட்டில் பரமேஸ்வரவர்மனின் யானை அரிவாரணம், குதிரை அதிசயம். கி.பி. 1225-ல் சோழ நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு எழுதிய சீனச் சுங்க அதிகாரி சாவ் ரூகுவா, 60,000 போர் யானைகள் என்கிறார். எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஆனால் முதுகில் சின்ன வீடு போன்ற மேடை, அதில் வீரர்கள், தூரத்தில் என்றால் அம்பு, நெருங்கினால் ஈட்டி, ஜெயித்து வந்த யானைக்குப் பட்டப்பெயர் என்று அவர் தரும் விவரம் செப்பேட்டோடு பொருந்துகிறது.

யானையில் ஒரு பெரிய சிக்கல். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அரசன், படை முழுவதுக்கும் தெரிவான். எதிரியின் வில்லாளிக்கும் தெரிவான். கி.பி. 949-ல் அரக்கோணம் அருகே தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மீதே அம்பு பட்டு இறந்தான். 1054-ஐ ஒட்டிக் கொப்பத்தில் ராஜேந்திர சோழனின் மகன் ராஜாதிராஜன் அதேபோல இறந்தான். யானை மேல் துஞ்சிய தேவர் என்று இவர்களைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. துஞ்சுதல் என்றால் தூங்குதல். எவ்வளவு மென்மையான சொல்!

தக்கோலத்துக்கு ஒரு பின்குறிப்பு. ராஜாதித்தனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன். இதைச் சொல்லும் ஆதகூர் கல்வெட்டு கர்நாடகத்தில் இருக்கிறது. அது உண்மையில் ஒரு நாய்க்கு வைத்த நினைவுக் கல். அந்தப் போரில் சண்டையிட்ட மணலேரன் என்ற வீரன் பரிசாகக் கேட்டு வாங்கியது, காளி என்ற வேட்டை நாய். அது காட்டுப்பன்றியோடு மோதிச் செத்துப்போக, அதற்குக் கல் நட்டார்கள். சோழ இளவரசனின் மரணம் அந்தக் கல்லில் ஓரமாக வருகிற செய்தி.

மறுபடியும் மணிமங்கலம்

கொப்பம் கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் போரின் விரிவான வர்ணனை எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? இதே மணிமங்கலத்தில், ராஜகோபால சுவாமி கோயில் சுவரில். பல்லவர் போருக்கு நானூறு வருஷம் கழித்து, சோழர்கள் தங்கள் போர்ச் செய்தியை இந்த ஊரில் எழுதி வைத்தார்கள்.

அண்ணன் யானை மேல் இறந்ததும் படை கலைகிறது. தம்பி இரண்டாம் ராஜேந்திரன் முன்னே வருகிறான். அம்புகள் அவன் யானையின் நெற்றியில் தைக்கின்றன. அவனுடைய தொடையிலும் தோளிலும் தைக்கின்றன. கூட ஏறியிருந்த வீரர்கள் விழுகிறார்கள். அவன் இறங்கவில்லை. போர் திரும்புகிறது. களத்திலேயே முடிசூடிக்கொள்கிறான். பிடிபட்ட சாளுக்கிய யானைகளின் பெயர்களும் அதில் உண்டு: சத்ருபயங்கரன், கரபத்திரன், மூலபத்திரன்.

தொடை, தோள். அரசன் மார்பில் எதையாவது கட்டியிருந்தானா என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் உடம்பில் எந்த இடங்கள் திறந்திருந்தன என்று சொல்லிவிட்டது. காயத்தை மறைக்காமல் பெருமையாகப் பொறித்த அந்த ஒரு விவரம், இருபது கிலோ தகட்டை விட நம் கதாநாயகனைப் பெரிய ஆளாக்குகிறது. என் கருத்து இது. எழுதுகிறவர்கள் யோசிக்கலாம்.

அதே கல்வெட்டு பெருமையாகச் சொல்லும் இன்னொரு விஷயம், பிடிபட்ட அரசியர். யானை, குதிரை, ஒட்டகத்தோடு சேர்த்துப் பட்டியலில் வருகிறார்கள். அடுத்து வந்த வீரராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி இன்னும் மேலே போகிறது. தோற்ற தளபதி சாமுண்டராஜனின் தலையை வெட்டியதோடு நிற்காமல், அவனுடைய ஒரே மகள் நாகலையின் மூக்கை அறுத்ததையும் வெற்றியாகச் சொல்கிறது. மயில் போன்ற அழகி என்று வர்ணித்துவிட்டு இந்த வரி. இது எதிரி எழுதிய அவதூறு அல்ல, சோழன் தன்னைப் பற்றித் தானே பொறித்தது.

ஏ.ஐ. படங்களில் நாகலை வருவதில்லை. நம் தொடர்கதைகளிலும் வருவதில்லை. போர்க்களத்தில் நின்ற ஆணுக்குக் கேடயமாவது இருந்தது. கல்கி ஓரளவு இதைத் தொட்டிருக்கிறார். வாதாபிக்குச் சிறைப்பட்டுப் போன சிவகாமிதான் அவர் நாவலின் நடு. எங்கள் வீட்டில் அம்மா பைண்டு செய்து வைத்திருக்கும் 'சிவகாமியின் சபத'த்தில் கிழிந்து ஒட்டிய பக்கங்களெல்லாம் அவள் வருகிற பக்கங்கள்தான், போர் வருகிற பக்கங்கள் புத்தம் புதிதாக இருக்கின்றன.

கவசத்தை வரைந்தவர்கள்

நம் மனதில் இருக்கும் சோழ வீரன் கல்வெட்டில் இருந்து வந்தவன் இல்லை. வாரப் பத்திரிகைகளில் இருந்து வந்தவன். 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது ஓவியர் மணியம் வரைந்ததுதான் வந்தியத்தேவன் முகம். அதற்காகக் கல்கியோடு இலங்கை வரை போய்ச் சிற்பங்களைப் பார்த்து வந்தவர் அவர். குமுதத்தில் சாண்டில்யனின் 'கடல்புறா'வுக்கு லதா. இவர்கள் படங்களில் நகை அதிகம் இருக்கும், தோள் பெரிதாக இருக்கும், ஆனால் ஆள் இந்த ஊர் ஆளாக இருப்பான். சினிமா வந்ததும் தோலும் உலோகமும் ஏறின. இரண்டு மணி நேரம் திரையில் நிற்கும் நடிகருக்கு வெறும் மார்பு அலுத்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. இப்போது ஏ.ஐ. அதையும் தாண்டி இங்கிலாந்துக்கே போய்விட்டது.

நிஜமான ஆயுதங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள பழைய ஆயுதங்களில் பல தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் இருந்து வந்தவை. 1855-ல் மராத்திய அரசாட்சி முடிந்த பிறகு, 1860-களில் அந்த ஆயுதசாலையைப் பிரித்தபோது நல்லவையாகத் தோன்றியவற்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள். தப்பியவை நாயக்கர், மராத்தியர் காலத்து வாள்கள், கட்டாரிகள், கேடயங்கள். இவற்றைப் பார்த்து நேராக மாமல்லன் கையில் கொடுத்துவிடாதீர்கள், கட்டாரி பரவலானது விஜயநகரக் காலத்தில்தான்.

மணிமங்கலத்தில் ஆயுதம் எதுவும் இல்லை. ராஜகோபால சுவாமி கோயில் இருக்கிறது. கஜபிருஷ்டம் என்று சொல்லும், யானையின் பின்புறம் போல வளைந்த கருவறை கொண்ட தர்மேஸ்வரர் கோயில் இருக்கிறது. சுற்றிலும் மனைப் பிரிவுகளின் கொடிகள் நெருங்கிக்கொண்டே வருகின்றன. வரதராஜபுரமும் முடிச்சூரும் 2015 வெள்ளத்தில் மூழ்கியதால்தான் பலருக்கு இந்தப் பக்கமே தெரியும். ஏரி மண்ணைத் தோண்டும்போது கல் ஏதாவது கிடைத்தால், உருவம் இருந்தாலும் எழுத்து இருந்தாலும், தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். நடுகல்லாக இருக்கலாம்.

போகிறவர்கள் காலையிலோ மாலை நான்கு மணிக்கு மேலோ போங்கள், சாய்ந்த வெளிச்சத்தில்தான் சுவர் எழுத்து கண்ணுக்குத் தெரியும். எழும்பூருக்குத் தாம்பரத்தில் இருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.